வாசலுக்கு வந்த குண்டோதரன்

கணினி அறிவியல் படிக்கிறேன் என்று சொன்னதும் கல்யாண வீடுகளில் உறவினர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "அப்படின்னா உனக்கு ஹேக் பண்ணத் தெரியுமா?" என்பது முதல் கேள்வி. "என் போன் ரொம்ப மெதுவா ஓடுது, கொஞ்சம் பாரேன்" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பின்னால் ஒரு திரைப்படக் காட்சி இருக்கிறது. இருட்டறை, பச்சை எழுத்துகள், கடவுச்சொல்லை உடைத்து வங்கிப் பணத்தை உருவும் ஒருவன். அத்தகைய திருட்டுகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால், எந்தப் பூட்டையும் உடைக்காமல், எதையும் திருடாமல் ஒரு கணினியை வீழ்த்தும் தாக்குதலும் உண்டு. அது இரண்டாவது கேள்விக்குத்தான் நெருங்கிய உறவு. அதைப் பற்றியே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கணினிப் பாதுகாப்புப் பாடத்தில் முதல் வாரமே மூன்று கடமைகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். தகவலை அந்நியர் பார்க்காமல் காப்பது ஒன்று. யாரும் அதைத் திரித்துவிடாமல் காப்பது இரண்டு. வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில் அது கிடைக்கும்படி செய்வது மூன்று. முதல் இரண்டைப் பற்றி ஊரே பேசுகிறது. மூன்றாவது மட்டும் கவனிப்பாரற்று ஓரமாக நிற்கிறது. அந்த மூன்றாவது கடமையைக் குலைப்பதற்குச் சேவை மறுப்புத் தாக்குதல் என்று பெயர். நினைவகம், கணிக்கும் நேரம், இணைப்புகளின் எண்ணிக்கை ஆகியவைதான் ஒரு கணினியின் வளங்கள். இவற்றைத் தீர்த்துவிட்டால் அந்தக் கணினி யாருக்கும் பதில் சொல்ல முடியாமல் திணறும்.

இவற்றை நான் படித்தது ஆங்கிலத்தில். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய், இப்போது ஆங்கிலம் என்று என் அறிவு மூன்று அலமாரிகளில் பிரிந்து கிடக்கிறது. சென்ற ஆண்டு விடுமுறையில் அப்பா, "அப்படி என்னதாம்மா படிக்கிற?" என்று கேட்டார். அவர் கிள்ளானில் ஓர் உணவுக்கடையில் பல ஆண்டுகளாகத் தண்ணி கலக்கும் வேலை செய்பவர். தே தாரிக், கோப்பி ஓ, மைலோ ஆயிஸ் என்று ஓர் இரவில் எத்தனை குவளைகள் கலக்குவார் என்பது அவருக்கே கணக்கில்லை. அவருக்குத் தமிழில் விளக்க முயன்றபோதுதான் நான் படித்தது எனக்கே தெளிவாகப் புரிந்தது.

சர்வர் என்பதைத் தமிழில் வழங்கி என்கிறோம். எவ்வளவு பொருத்தமான சொல்! யார் வந்து கேட்டாலும் எடுத்து வழங்குவதுதான் அதன் வேலை. அந்த நல்ல குணத்தையே அதற்கு எதிராகத் திருப்புவதுதான் இந்தத் தாக்குதலின் சூட்சுமம். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி கூட்டம். திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியின் உவமை வருவதை நாம் அறிவோம். இறகு ஒவ்வொன்றும் எடையற்றது. எந்த இறகையும் குற்றவாளி என்று பிடிக்க முடியாது. ஆனாலும் முடிவில் அச்சு முறிகிறது. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் ஒரு வழங்கியைக் கேள்வி கேட்டுத் திணறடிப்பது இந்த வகை.

இரண்டாவது வழிக்கு, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டில் ஆசிரியை சொன்ன கதை ஒன்று போதும். மதுரையில் மீனாட்சி கல்யாணம். சமைத்த உணவு மலைபோல் மீந்துவிட்டது என்று மணப்பெண் பெருமையோடு சொல்கிறாள். ஈசன் சிரித்துக்கொண்டே தம் கணங்களில் ஒருவனான குண்டோதரனைக் காட்டி, "முதலில் இவனுக்கு உணவளி" என்கிறார். அந்த ஒற்றை விருந்தாளி சோற்று மலையைத் தீர்த்து, சமைக்காத பண்டங்களையும் தீர்த்து, இன்னும் பசிக்கிறது என்று நிற்கிறான். அவன் தாகம் தீர்க்க வைகையே வரவேண்டியதாயிற்று என்று திருவிளையாடல் புராணம் கூறுகிறது. வாசலுக்கு வந்தவன் ஒருவன்தான். பந்தலே காலியாகிவிட்டது. மென்பொருளில் உள்ள சில பலவீனங்கள் இப்படிப்பட்ட குண்டோதரன்களுக்குத்தான் இலை போட்டு வைக்கின்றன.

சில உண்மை நிகழ்வுகளைப் பார்ப்போம்.

1996-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நியூயார்க் நகரின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் பல நாள்கள் முடங்கியது. இணையத்தில் இரண்டு கணினிகள் பேசத் தொடங்குமுன் மூன்று முறை கைகுலுக்கிக்கொள்ள வேண்டும். "பேசலாமா?" என்று ஒன்று கேட்கும். "பேசலாம், தயாரா?" என்று மற்றொன்று பதில் சொல்லி, தன் பதிவேட்டில் ஓர் இடம் ஒதுக்கிக் காத்திருக்கும். "தயார்" என்று மூன்றாவது செய்தி வந்தால் பேச்சு தொடங்கும். தாக்கியவர்கள் பொய் முகவரிகளிலிருந்து முதல் செய்தியை மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது செய்தி வரவேயில்லை. வராத விருந்தாளிகளுக்காக இடம்போட்டுக் காத்திருந்ததில் பதிவேடு நிரம்பியது. உண்மையில் வந்தவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. இதற்கு டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதவியலாளர் அதே ஆண்டில் முன்வைத்த தீர்வு அழகானது. பதிவேட்டில் எழுதாதே, எழுத வேண்டியதைச் சுருக்கிக் கேட்டவனிடமே ஓர் எண்ணாகக் கொடுத்தனுப்பு, அவன் அந்த எண்ணோடு திரும்பி வந்தால் அப்போது இடம் கொடு என்றார். உண்மையான விருந்தாளி சீட்டோடு திரும்புவான். பொய் விருந்தாளி திரும்பமாட்டான்.

2009-இல் ராபர்ட் ஹேன்சன் என்பவர் வெளியிட்ட கருவிக்கு ஸ்லோலோரிஸ் என்று பெயர். ஸ்லோ லோரிஸ் என்பது நம் மலேசியக் காடுகளில் வாழும், மெல்ல மெல்ல நகரும் ஒரு சிறு பிராணி. தமிழில் தேவாங்கு என்று நாம் அறிந்த பிராணியின் நெருங்கிய உறவு. இந்தக் கருவியும் அப்படித்தான். வழங்கியிடம் ஒரு கோரிக்கையைத் தொடங்கும், ஆனால் முடிக்காது. சில விநாடிகளுக்கு ஒரு முறை ஒரு வரியை மட்டும் அனுப்பி, "இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன்" என்று இழுத்துக்கொண்டே இருக்கும். வழங்கியும் மரியாதையோடு காத்திருக்கும். சில நூறு இணைப்புகளை இப்படிப் பிடித்துவைத்தால் அன்றைய அப்பாச்சி வழங்கி முடங்கிப் போகும். அதற்கு ஒரே ஒரு சாதாரணக் கணினி போதும்.

இதைக் கேட்டதும் அப்பா சிரித்துவிட்டார். "எங்க கடையில பந்து பார்க்க வர்றவங்க மாதிரி சொல்லு" என்றார். ஒரே ஒரு தே தாரிக்கை வாங்கி வைத்துக்கொண்டு, நான்கு நாற்காலி மேசையைப் பிடித்து, விடியும் வரை ஆட்டம் பார்ப்பவர்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. காசு கொடுத்துத்தான் குடிக்கிறார்கள். ஆனால் இரவு வேலை முடித்துப் பசியோடு வரும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு உட்கார இடமில்லை. சோறு தீர்ந்ததால் வந்த பஞ்சமில்லை அது, நாற்காலிப் பஞ்சம். வளம் என்றால் எது என்று என் விரிவுரையாளர் ஒரு மணி நேரம் விளக்கியதை அப்பா ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அடுத்து, சிறியதாக வந்து பெரியதாக விரியும் வகை. 42 கிலோபைட் மட்டுமே கொண்ட ஒரு சுருக்கக் கோப்பு உண்டு. அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டே போனால் அது 4.5 பெட்டாபைட்டாக விரியும். எக்ஸ்எம்எல் வகைக் கோப்புகளிலும் இத்தகைய தந்திரம் உண்டு. அதற்குப் "பில்லியன் சிரிப்பு" என்று வேடிக்கைப் பெயர். சிரிப்பைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல் ஒன்றை எழுதி, அதன் பத்துப் பிரதிகளுக்கு ஒரு பெயர், அந்தப் பெயரின் பத்துப் பிரதிகளுக்கு இன்னொரு பெயர் என்று ஒன்பது படிகள் ஏறினால் 100 கோடி சிரிப்புகள் ஆகின்றன. வந்த கோப்பு ஒரு கிலோபைட்டுக்கும் குறைவு. அதை விரிக்க வேண்டிய நினைவகமோ ஏறத்தாழ 3 கிகாபைட். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி கேட்ட புலவனின் கதையை இது நினைவூட்டுகிறது அல்லவா?

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் கிராஸ்பி, டேன் வாலக் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு. நூலகத்தில் நூல்களைத் தலைப்பின் முதல் எழுத்துப்படி அடுக்கினால் தேடுவது எளிது. ஆனால் யாரோ ஒருவர் வேண்டுமென்றே 'அ' என்று தொடங்கும் 10,000 நூல்களையே கொண்டு வந்தால் என்னவாகும்? எல்லாம் ஒரே தட்டில் சேரும். ஒவ்வொரு புதிய நூலையும் வைக்குமுன், அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முன்பு வந்த அனைத்தோடும் ஒப்பிட வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 50 மில்லியன் ஒப்பீடுகள். நிரல்மொழிகள் தரவுகளை அடுக்கும் முறையிலும் இந்தப் பலவீனம் இருப்பதை அவர்கள் நிரூபித்தார்கள். பழைய தொலைபேசி மோடத்தின் வேகமே இதற்குப் போதும் என்றும் காட்டினார்கள். பெர்ல் மொழியைப் பராமரித்தவர்கள் அதே ஆண்டில் திருத்திக்கொண்டார்கள். பலர் அப்படிச் செய்யவில்லை. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் இரண்டு ஜெர்மானியர்கள் மேடையேறி, பி.எச்.பி., ஜாவா, பைத்தன், ரூபி, ஏ.எஸ்.பி.நெட் ஆகியவற்றில் அதே ஓட்டை இன்னும் திறந்து கிடப்பதைக் காட்டினார்கள். எட்டு ஆண்டுகள்! ஒருவன் எழுதி வைத்ததை மற்றவன் படிக்காவிட்டால் அறிவு இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

குண்டோதரன் எப்போதும் எதிரியாகத்தான் வருவான் என்பதும் இல்லை. நாம் நிரல் எழுதும்போது ஐயம் வந்தால் ஓடிப்போய்ப் பார்க்கும் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளம் 2016 ஜூலை 20 அன்று 34 நிமிடங்கள் முடங்கியது. காரணம், பயனர் ஒருவரின் பதிவில் இருந்த ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள். வரியின் இறுதியில் உள்ள வெற்றிடங்களை நீக்க எழுதப்பட்ட ஒரு சிறு ரெகுலர் எக்ஸ்பிரஷன் முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000-ஐயும் கடந்து போனது. அங்கே வரி முடியாமல் வேறொரு எழுத்து நின்றது. உடனே பின்வாங்கி, இரண்டாவது வெற்றிடத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. பிறகு மூன்றாவதிலிருந்து. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 200 மில்லியன் படிகள். அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் வேறு இடம்பெற்றிருந்தது. கோளாறைக் கண்டுபிடிக்க 10 நிமிடங்கள், திருத்தம் எழுத 14 நிமிடங்கள், அதை எல்லா வழங்கிகளிலும் சேர்க்க 10 நிமிடங்கள் ஆயின. யாரும் தாக்கவில்லை. வெற்றுவெளிதான் தாக்கியது.

2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்திற்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். தாக்குதல்களிலிருந்து மற்றவர்களைக் காப்பதே அந்நிறுவனத்தின் தொழில். பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒரு புதிய விதியில் இத்தகைய பின்வாங்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்று இருந்தது. உலகெங்கும் அவர்களுடைய வழங்கிகளின் கணிக்கும் திறன் முழுவதையும் அதுவே விழுங்கிவிட்டது. அவர்களை நம்பியிருந்த எண்ணற்ற இணையத்தளங்கள் 27 நிமிடங்கள் தடுமாறின. ஒரு விதி இத்தனை நேரத்துக்கு மேல் கணிக்கக்கூடாது என்று தடுக்கும் காவல் ஒன்று முன்பு இருந்ததாம். சில வாரங்களுக்கு முன் நிரலைச் சீர்படுத்தியபோது அது தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது. இதை மறைக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையால்தான் என்னைப் போன்ற மாணவர்கள் இன்று பாடம் கற்க முடிகிறது.

"அரை மணி நேரம்தானே, அதனால் என்ன குடிமுழுகிவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு என் அண்ணன் கதையைச் சொல்ல வேண்டும்.

2018-இல் அண்ணன் எஸ்.பி.எம். முடித்து ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தான். விண்ணப்பிக்க இணையம் ஒன்றே வழி, இறுதி நாள் மாலை 5 மணி கெடு. எங்கள் வீட்டில் அப்போது கணினி இல்லை. பள்ளியிலிருந்து வரவேண்டிய ஒரு சான்றிதழ் அன்று காலையில்தான் அவன் கைக்குக் கிடைத்தது. மதியம் 2 மணிக்குச் சைபர் கஃபேயில் போய் உட்கார்ந்தான். பக்கம் திறந்தது. எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பு என்று அழுத்தினான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கம் செத்தது. மீண்டும் முதலிலிருந்து நிரப்பினான். ஐந்து மணி ஆனது. அன்று அந்த வழங்கியை யாரும் தாக்கினார்களா, கடைசி நாள் கூட்டமா என்பது எங்களுக்குத் தெரியாது. சுற்றும் வட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். அவனுடைய வகுப்பு நண்பன் ஒருவனுக்கும் அதே நிலைமை. அவன் தந்தை காரில் கோலாலம்பூருக்கே போய் அதிகாரியைப் பார்த்துப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அப்பாவுக்கு அன்று மாலை வேலை. எங்களிடம் காரும் இல்லை. அண்ணன் ஓராண்டு தொழிற்சாலையில் வேலை செய்து, காசு சேர்த்து, பிறகு போலிடெக்னிக் சேர்ந்தான். இன்று நல்ல நிலையில் இருக்கிறான். ஆனால் அந்த ஓராண்டை யாரும் அவனுக்குத் திருப்பித் தரவில்லை.

அதனால்தான் இதை நான் வெறும் தொழில்நுட்பச் சிக்கலாகப் பார்ப்பதில்லை. இரகசியம் கசிந்தால் வசதியுள்ளவனும் பாதிக்கப்படுகிறான். ஆனால் வாசல் அடைபட்டால் வசதியுள்ளவன் வேறு வாசல் வழியாகப் போய்விடுகிறான். அந்த ஒரே வாசலை நம்பி வந்தவன்தான் வெளியே நிற்கிறான். மூன்றாவது கடமை ஏழைக்குரிய கடமை.

அப்படியானால் தீர்வு என்ன? கதவை மூடுவதா? இல்லை. அளவு அறிந்து கொடுப்பது. ஒரு கோரிக்கையை இத்தனை விநாடிகளுக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்ற விதியை அப்பாச்சி குழுவினர் 2010-இல் சேர்த்துக்கொண்டார்கள். கோப்பை விரிக்குமுன் எவ்வளவு வரை விரிக்கலாம் என்று வரம்பு வைக்கலாம். பின்வாங்காமல் நேராக ஓடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொறிகள் இருக்கின்றன. கிளவுட்ஃபிளேரும் அத்தகைய பொறிக்கு மாற முடிவெடுத்தது. ஒருவருக்கு ஒரு நிமிடத்தில் இத்தனை கோரிக்கைகள்தான் என்று பங்கிட்டுக் கொடுக்கலாம்.

ஆனால் வரம்பு வைத்தால் மட்டும் போதாது, சரியானதை அளக்கவும் வேண்டும். 2023 அக்டோபரில் வெளியான செய்தி ஒன்று இதை உணர்த்தியது. எச்.டி.டி.பி.-2 முறையில் ஓர் இணைப்பில் ஒரே நேரத்தில் இத்தனை கோரிக்கைகள்தான் திறந்திருக்கலாம் என்று வரம்பு உண்டு. தாக்கியவர்கள் கோரிக்கையைத் திறந்த மறுகணமே "வேண்டாம்" என்று இரத்து செய்தார்கள். கணக்கில் அது மூடிய கோரிக்கை, வரம்பு மீறவில்லை. ஆனால் வழங்கி அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. இப்படி விநாடிக்கு 398 மில்லியன் கோரிக்கைகள் வரை வந்ததாகக் கூகுள் அறிவித்தது. அப்பாவிடம் சொன்னேன். "ஆர்டர் சொல்லிட்டு வேண்டாம்னு போறவன். பில்லுல அவன் பேரு இருக்காது. ஆனா நான் தண்ணி கலக்கிட்டேனே!" என்றார். பில்லை எண்ணாதே, கலக்கிய குவளைகளை எண்ணு. இதுதான் அந்தப் பாடம்.

அவர் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. மதிய நேரத்தில் ஒருவர் வந்து அறுபது பொட்டலம் கேட்டால், "இப்ப இருபது தர்றேன், மீதி மூணு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். "வந்தவரை அப்படிச் சொல்லலாமாப்பா, கோவிச்சுக்க மாட்டாரா?" என்று கேட்டேன். "கோவிச்சுக்கட்டும்மா. அவருக்கு அறுபதும் குடுத்தா, வரிசையில நிக்கிற நாப்பது பேரும் பட்டினியாப் போவாங்க. அவங்க கோவிச்சுக்கக்கூட மாட்டாங்க, பேசாமப் போயிடுவாங்க" என்றார்.

விருந்தினரை மறுப்பது பாவம் என்று வளர்ந்தவர்கள் நாம். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர்தான் வலியறிதலுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். கொடுப்பதற்கும் அளவு உண்டு என்பதை அங்கே சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தன் அளவு தெரியாத வழங்கி, முதலில் வந்த குண்டோதரனுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பின்னால் வந்த அனைவருக்கும் கதவைச் சாத்துகிறது. ஒருவனிடம் "சற்றுப் பொறு" என்று சொல்லத் தெரியாதவன், முடிவில் எல்லாரிடமும் "இல்லை" என்று சொல்ல வேண்டியதாகிறது.

இந்த மலரைப் படிக்கும் தம்பி தங்கைகளில் பலர் நாளை மென்பொருள் எழுதப் போகிறீர்கள். பொறியியல், கணக்கியல், ஆசிரியப் பணி என்று போகிறவர்களும் எங்கேயாவது ஓர் இணையப் படிவத்தை வடிவமைக்கத்தான் போகிறீர்கள், குறைந்தது நம் கழகத்தின் பதிவுப் படிவத்தையாவது! அது வேலை செய்கிறதா என்று நீங்கள் ஒருவர் மட்டும் ஒரு முறை அழுத்திப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்னவாகும், ஒருவனே ஆயிரம் பேருக்குரியதைக் கேட்டால் என்னவாகும் என்று கேளுங்கள். எங்கே வரம்பு வைப்பது, எதை அளப்பது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். அந்த வாசலுக்கு எப்போதாவது ஒரு முறை, எங்கோ ஒரு சைபர் கஃபேயில் இருந்து, ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டிய ஒருவன் வருவான். அவன் வரும்போது ஓர் இலையாவது மிச்சமிருக்கட்டும்.